புது வரவு

ராக், புளூஸ் எல்.பி. சேகரிப்பவர் வீட்டில் இசைத்தட்டு சுற்றாது. சாய்த்துக் காட்டப்படும்.

“இந்த மாசத்துப் புது வரவு, சார்” என்று ஆரம்பிப்பார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். தட்டை விளிம்பில் மட்டும் தொட்டு உறையிலிருந்து உருவுவார். பிறகு டார்ச். லேபிளைச் சுற்றிப் பாட்டில்லாமல் வெறுமனே கிடக்கும் அந்த வளையத்தை நம் மூக்குக்கு நேரே நீட்டி, “என்ன தெரியுது?” என்பார். நமக்குக் கீறல்தான் தெரியும். “நல்லாப் பாருங்க. ஆர்.எல்.!”

லெட் செப்பெலினின் இரண்டாவது ஆல்பம், 1969. ஆர்.எல். என்றால் மாஸ்டரிங் செய்த ராபர்ட் லுட்விக். அவர் பேஸைக் கொஞ்சமும் அடக்காமல் வெட்டியதில் மலிவு பிளேயர்களில் ஊசி துள்ளிக் குதித்ததாம். கம்பெனி பயந்துபோய் அடக்கமாக வேறொன்று வெட்டி விற்றதாம். பயந்து விற்றதும் இவரிடம் இருக்கிறது. இங்கிலாந்துப் பிரதி இருக்கிறது. ஜப்பான் பிரதி, பக்கவாட்டுக் காகிதப் பட்டை கிழியாமல் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் டார்ச் உண்டு. “எல்லாத்துலயும் அதே பாட்டுதானே?” என்று கேட்ட மைத்துனருக்கு அந்த வீட்டில் அதன்பின் காபி கிடைத்ததாகத் தகவல் இல்லை.

“அந்த ஊசி துள்ளுறதை ஒருதடவை போட்டுக் காட்டுங்களேன்.”

“ஐயையோ, தேஞ்சுடும் சார்!”

விலையைப் பற்றி இங்கே பேசக்கூடாது. அவர் மனைவி அடுத்த அறையில் இருக்கிறார்.

ரோலிங் ஸ்டோன்ஸின் ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’ (1971) அட்டையில் நிஜ ஜிப் உண்டு. அடுக்கி அனுப்பியபோது அது பக்கத்துத் தட்டின் பாட்டை அழுத்திக் கெடுத்ததால், ஜிப்பைப் பாதி இறக்கி, பள்ளம் நடு லேபிளில் விழும்படி செய்தார்கள். இதைச் சொல்லும்போது அந்த மனுஷர் முகத்தில் வரும் சந்தோஷத்தைப் பார்த்தால் கோபம் பாதி இறங்கிவிடும். அந்த ஆல்பத்துக்கு மட்டும் அலமாரியில் தனிக்குடித்தனம்.

மீதிப் பாதி புளூஸ் வரிசைக்கு வந்ததும் ஏறிக்கொள்ளும். ராபர்ட் ஜான்சன் மிசிசிப்பித் தெருமுனைகளிலும் சாராயக் கொட்டகைகளிலும் பாடித் திரிந்தவர். 1936, 37இல் 29 பாட்டுகளைப் பதிவு செய்துவிட்டு 1938இல், 27 வயதில் போய்ச் சேர்ந்தார். அவர் பாட்டுகள் எல்.பி.யாகத் தொகுக்கப்பட்டதே 1961இல்தான். அந்த 1961 பிரதி இப்போது இவர் மடியில், பிளாஸ்டிக் உறைக்கு மேல் பிளாஸ்டிக் உறையாக.

“ஒரே ஒரு பாட்டு...”

“கேக்கணும்னா யூடியூப்ல இருக்கே சார்!” என்று போனை எடுத்தார். ஆளுயர ஸ்பீக்கர்கள் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, போனில், சமையல் எண்ணெய் விளம்பரம் முடியக் காத்திருந்து ராபர்ட் ஜான்சனைக் கேட்டேன். இதற்கு இரண்டு பஸ் மாறி வந்திருக்க வேண்டியதில்லை. என் போனிலும் யூடியூப் இருக்கிறது.