செவ்வாயில் தைலமரம் இல்லை

அவரைக் கண்டுபிடிப்பது எளிது. மாடிக் கொடியில் வேட்டிக்கும் துண்டுக்கும் நடுவே ஒரு வெள்ளை மார்புக்கவசம் பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்தால் அது அவர் வீடு. வயது இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் இடையில் எங்கோ. பகலில் வங்கியிலோ பாலிடெக்னிக்கிலோ மரியாதையான வேலை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு விண்மீன் பேரரசின் காலாட்படைச் சிப்பாய். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் வெள்ளைக் கவசம் பூண்டு கூட்டமாக வந்து, ஒரு குறிகூடத் தப்பாமல் குறி தவறிச் செத்துப்போகிறார்களே, அவர்களில் ஒருவருடைய முழு உடுப்பையும் தம் கையால் செய்து, அணிந்து, படமெடுத்துக்கொள்வது அவருடைய பொழுதுபோக்கு. பொழுது நன்றாகவே போகிறது, உடுப்புதான் முடிவதில்லை. சென்னையில் இவரைப் போன்றவர்கள் கூட்டமாகக் கிடைப்பார்கள். 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்குக் காமிக் கான் முதன்முதலாக வந்தபோது, ஒருவரையொருவர் பார்த்து ஆறுதல் அடைய அவர்களுக்கு ஓர் இடமும் கிடைத்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அவர் தனி ஆள். படையும் அவரே, தளபதியும் அவரே. கீழ ராஜவீதியில் அந்தக் கோலத்தில் இறங்கினால், “மருந்தடிக்க வந்துட்டாக, தண்ணிக் குடத்தை மூடு ஆத்தா” என்று குரல் கேட்கும். 2020-க்குப் பிறகு தலை முதல் கால்வரை வெள்ளையாக வருகிற எவரையும் ஊர் சுகாதாரத் துறையில்தான் சேர்க்கிறது.

இங்கிலீஷ் படம் பார்த்துக் கெட்டுப்போன பிள்ளை என்பது அவரைப் பற்றிய பொதுத் தீர்ப்பு. மேல்முறையீடு செய்ய வேண்டிய தீர்ப்பு இது. வேடம் கட்டுகிற விஷயத்தில் அவர் இந்தச் சீமைக்குப் புதியவர் இல்லை. அவரிடம் புதிதாகத் தெரிகிற கோளாறு ஒன்றே ஒன்று: அசலிலிருந்து அரை அங்குலம்கூட விலகக் கூடாது என்ற பிடிவாதம். அந்தக் கோளாறுக்கும் இங்கேயே பூர்வீகம் உண்டு என்பது என் கட்சி.

முதலில் வேடம். புதுக்கோட்டை ஸ்பெஷல் நாடகத்தின் ஊர். அதில் கம்பெனி என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், பபூன் வேறோர் ஊர். ஒத்திகை இல்லாமல் அன்றிரவு மேடையில் சந்தித்து, சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமண’த்தைப் பத்து மணிக்கு ஆரம்பித்துக் கோழி கூப்பிடும்வரை நடத்திவிடுவார்கள். ஆகவே உடுப்பும் கிரீடமும் ஒப்பனைப் பெட்டியும் அவரவர் சொந்தச் சொத்து. சொந்தக் காசில் உடுப்பு சேர்த்து, பெட்டியில் பூட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகிற மனிதர் இந்த மாவட்டத்தில் நூறு வருஷமாக இருக்கிறார். இந்த ஊர் மண்ணில் பிறந்து பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த பி.யு.சின்னப்பா, இரும்பு முகமூடி மனிதனின் கதையைத் தழுவிய ‘உத்தமபுத்திரன்’ (1940) படத்தில் இரட்டை வேடம் போட்டார். அது போதாதென்று ‘ஜகதலப்பிரதாப’னில் (1944) ஒரே பாட்டில் ஐந்து பேராக உட்கார்ந்து கச்சேரி செய்தார். அசலுக்குப் பதில் போலியை வைப்பதிலும் இந்தப் பக்கத்தாருக்குக் கூச்சம் இல்லை. கீரமங்கலத்தை அடுத்த குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் முப்பது அடிக்கு மேல் உயரமான குதிரை நிற்கிறது. மாசிமகத்தன்று அதற்குச் சாத்துகிற மாலைகள் காகிதப் பூவால் கட்டியவை. அவ்வளவு பெரிய கழுத்துக்கு எந்தத் தோட்டத்துப் பூ காணும்? குதிரையும் கோபித்துக்கொண்டதில்லை.

ஆனால் இந்த மரபுக்கெல்லாம் ஒரு தாராள மனசு உண்டு. வேலனாக வருகிற ராஜபார்ட்டின் மணிக்கட்டில் கடிகாரம் மின்னினாலும் யாரும் எழுந்து போகமாட்டார்கள்; சுருதி விலகினால்தான் போவார்கள். குலசேகரன்பட்டினம் தசராவில் காளியும் ராஜாவும் கரடியும் போலீஸ்காரரும் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். அந்தப் போலீஸ்காரரின் தோள்பட்டையில் எத்தனை நட்சத்திரம் என்று எண்ணிப் பார்த்தவர் கிடையாது. நம்முடையவர் எண்ணுவார். லத்தியின் நீளத்தையும் கேட்பார். இதில் அவருக்கு உலகளாவிய உறவினர் கூட்டம் உண்டு. 1939-ல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் ஆக்கர்மன் என்பவர் எதிர்கால மனிதனின் உடுப்பில் போனார். அதைத் தைத்துக் கொடுத்த மிர்ட்டில் டக்ளஸ் என்ற பெண்மணியும் தமக்கொன்று தைத்து அணிந்து வந்திருந்தார். பெயர் பெரும்பாலும் ஆக்கர்மனுக்குப் போயிற்று, ஊசி குத்தியது இந்த அம்மாளின் விரலில். அந்த இருவரும் படத்தை வைத்துச் சரிபார்த்தவர்கள் இல்லை. சரிபார்க்கிற கூட்டம் பின்னால் வந்தது. 1997-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஐந்நூற்றொன்றாம் படையணி என்ற ஆர்வலர் சங்கத்தில் சேர வேண்டுமானால் உடுப்பின் புகைப்படங்களை அனுப்ப வேண்டும். படத்தோடு பொருந்துகிறதா என்று உறுப்பு உறுப்பாகப் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். நம் ஊரில் பெண் பார்க்கிறபோதுகூட இவ்வளவு கேள்வி இல்லை.

அவர் வேலை செய்கிற விதத்தைப் பார்த்தால் இங்கிலீஷ் வாடை சீக்கிரமே போய்விடும். கவசத்துக்கு மூலப்பொருள் ஈ.வி.ஏ. ஃபோம் ஷீட். பெயர்தான் பெரிது, ஜிம் தரையில் விரிப்பதும், செருப்புக்கு அடித்தட்டாகப் போவதும் அதுதான். அதை வாங்கப் போன இடத்தில் செருப்புத் தைக்கும் பெரியவர்தான் அவருக்குக் குருவாக வாய்த்தார். ‘சொல்யூஷனை’ இரண்டு பக்கமும் தடவி, அவசரப்படாமல் காயவிட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். ஒட்டியபின் நகர்த்தக் கூடாது. இந்த வித்தையைக் கற்க நம்மவர் பல மாதம் ஆங்கில வீடியோ பார்த்திருந்தார். பெரியவர் ஒரு வாரை ஒட்டிக் காட்டி முடித்துவிட்டார். வடிவ அளவுகளைக் காதணி விழா பேனர் அடிக்கிற ஃப்ளெக்ஸ் கடையில் ஆளுயரத்துக்கு அச்சடித்து வாங்குவார். வெட்டிய தகட்டை ஹீட் கன்னால் சூடேற்றினால் அதன் துளைகள் மூடி மேற்பரப்பு வழவழக்கும். சூடு ஆறுவதற்குள் எவர்சில்வர் குடத்தின்மேல் கவிழ்த்துப் பிடித்தால் மண்டை வளைவு வந்துவிடும். அம்மாவின் குடம் அது என்பது இங்கே சொல்ல வேண்டிய தகவல். பிறகு பட்டி, உப்புத்தாள், பிரைமர் என்று கார் டிங்கரிங் பட்டறையில் ஒரு பருவம். கடைசியில் தையற்காரரிடம் உடம்போடு ஒட்டிய கறுப்பு உள்ளுடுப்பு கேட்டபோது அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “தம்பிக்கு எந்தச் சர்க்கஸ்ல வேலை?” என்றார். விண்மீன் பேரரசு என்று இவரும் சொல்லவில்லை.

உடுப்பு ஒருவழியாகத் தயாரானால் படமெடுக்க வேண்டும். இதில் புதுக்கோட்டைக்காரருக்கு ஹாலிவுட்காரர் பொறாமைப்படத்தக்க வசதி உண்டு. நார்த்தாமலையின் மொட்டைப் பாறையில் நின்றால் வேறு கிரகத்துக்குப் போகிற செலவு மிச்சம். கந்தர்வகோட்டைப் பக்கத்துச் செம்மண் பொட்டலில் நின்றால் செவ்வாயே வந்துவிட்டது. ஆனால் சட்டத்துக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் பின்னால் தைலமரம் நிற்கும். செவ்வாயில் தைலமரம் இல்லை. நண்பன், “அதை யாருடா மாப்ள பார்க்கப் போறா?” என்பான். நம்மவர் பார்ப்பார், அதற்கு மேல் சாட்சி எதற்கு? ஒன்பது மணிக்கு வெயில் ஏறிவிடும். ஸ்பெஷல் நாடகக்காரர்கள் வெல்வெட்டும் ஜிகினாவும் போட்டுக்கொண்டு இரவில் ஆடியதன் ஞானம் அப்போதுதான் அவருக்கு உறைக்கும். செருப்பு ரப்பருக்குள் ஒரு முழு மனிதன் சித்திரை வெயிலில் என்ன ஆவான் என்பதை எந்தப் படத்திலும் காட்டவில்லை. கண்ணாடி வியர்த்துப்போய், பாறை இருக்கிற பக்கம் தெரியாமல், நண்பனின் தோளைப் பிடித்துக்கொண்டு பேரரசின் சிப்பாய் மலை இறங்குவார்.

இனி, விவரம் தெரிந்தவர்கள் கேட்கிற வலுவான ஆட்சேபணைக்கு வருவோம். இவர் உயிரைக் கொடுத்து ஒத்துப்பார்க்கிற அசலே ஒட்டுப்போட்ட சாமான்தானே? உண்மைதான். 1977-ல் வந்த முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் ஒளிவாள், அரங்கப் பொருள் தேடி அலைந்த ரோஜர் கிறிஸ்டியன் லண்டன் கேமராக் கடை ஒன்றில் கண்டெடுத்த கிராஃப்ளெக்ஸ் ஃபிளாஷ் கைப்பிடி. அதற்குச் சில்லறை ஒட்டுவேலை செய்து வாள் ஆக்கினார்கள். ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் டாக்டர் கையில் வைத்திருக்கிற அறுவைக் கருவிகள் சில, சாப்பாட்டு மேஜைக்கென்று வாங்கிய உப்புக் குப்பிகள். வெள்ளைச் சிப்பாயின் தலைக்கவசமோ அவசரத்தில் வார்த்து, கையால் வெட்டி ஒட்டியதில் இடம் வலம் ஒத்துவராமல் கோணியது. நம்மவர் குடத்தில் கவிழ்த்துச் செய்த கவசம் தற்செயலாக ஒழுங்காக வந்துவிட்டது. ஒரு வாரம் உட்கார்ந்து அதைக் கோணலாக்கினார். யாரோ ஒருவருடைய அவசரத்தை இவர் ஏன் இவ்வளவு நிதானமாகப் பிரதி எடுக்க வேண்டும்?

இதற்குப் பதில் ஆவுடையார்கோயிலில் இருக்கிறது. அங்கே கொடுங்கையை அண்ணாந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: மெல்லிய கல் இறவாணத்தின் அடியில் மரச்சட்டங்கள், கயிறு, சட்டத்தைப் பிடித்திருக்கிற குமிழ் ஆணிகள், எல்லாம் கல்லிலேயே. கல் கூரைக்குச் சட்டம் வேண்டாம், கயிறு வேண்டாம், ஆணி எதற்கு? மரக்கூரையில் இருந்தது, ஆகவே இங்கும் இருக்க வேண்டும் என்று சிற்பி முடிவு கட்டியிருக்கிறார். ஒன்றையும் தாங்காத ஆணியின் தலையை உருட்டி உருட்டிச் செதுக்கியிருக்கிறார். பழைய ஸ்தபதிகள் ஒப்பந்தம் எழுதும்போது ‘ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வார்கள் என்று சொல்வதுண்டு. நம்மவரின் தலைக்கவசத்தில் காதோரம் ஒரு திருகாணி இருக்கிறது. அதுவும் ஒன்றையும் தாங்கவில்லை. அவர் அதை வைத்தார் என்பதற்காகச் சிரிக்கிறவர்கள் கொடுங்கைக்குக் கீழே நின்று வாய் பிளக்கக் கூடாது. சிற்பி செய்தது சாமிக்காக, இது சினிமாவுக்காக என்று மறுக்கலாம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நான் வரவில்லை. ஆனால் பக்தி எந்த ஆணிக்கு எத்தனை குமிழ் என்று சொல்லித் தருவதில்லை. அதைத் தேடிப் போவது கைக்குள் இருக்கிற வேறொரு அரிப்பு, நிறையப் பேருக்கு அது வருவதும் இல்லை. பிறர் செய்த பிழையைக்கூடப் பிழையில்லாமல் செய்து பழகிய கைக்கு, நாளை எதைக் கொடுத்தாலும் செய்ய வரும்.

பணத்தைப் பற்றிய ஆட்சேபணை அப்பாவுடையது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து என்றால் யார் எவ்வளவு செய்தார், எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்பதற்கெல்லாம் நோட்டு உண்டு. அந்த நோட்டைப் பார்த்தே வளர்ந்த மனிதர், ஃபோம் ஷீட் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, “இது எப்பத் திரும்பி வரும்?” என்கிறார். நியாயமான கேள்வி. ஆனால் அதே வீட்டுக் கொட்டிலில் ஒரு ஜல்லிக்கட்டுக் காளை பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் தின்றுகொண்டு நிற்கிறது. வருஷம் முழுக்கத் தின்றுவிட்டு வாடிவாசலில் சில நொடி தோன்றி, பிடிபடாமல் போனால் ஓர் அண்டாவோ சைக்கிளோ வாங்கித் தருகிறது. அதனிடம் யாரும் வரவுசெலவு கேட்டதில்லை. காளைக்கு மைக்கில் பெயர் சொல்ல ஆள் இருக்கிறார், மகனுக்கு இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். இந்தக் கவசம் எதற்குப் பயன்படும் என்று அம்மா கேட்கிறாரே, அது பிரிட்டன் உச்ச நீதிமன்றம்வரை போன வழக்கு. அசல் தலைக்கவசங்களை வார்த்துக் கொடுத்த ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த் பிற்காலத்தில் தாமே பிரதிகள் விற்றதால், படமெடுத்த லூகாஸ் நிறுவனம் வழக்குப் போட்டது. 2011-ல் வந்த தீர்ப்பு, அது சிற்பம் இல்லை, படத் தயாரிப்பில் ஒரு பயன்பாட்டுப் பொருள் என்று சொல்லிவிட்டது. அம்மா அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை.

ஒரு குறையை மட்டும் நானும் மறுக்க மாட்டேன். தமிழில் வேற்றுக்கிரகம் இல்லாமல் இல்லை. 1963-லேயே ‘கலை அரசி’யில் எம்.ஜி.ஆர். விண்வெளிக் கப்பலேறி இன்னொரு கிரகத்துக்குப் போய் பானுமதியை மீட்டு வந்தார். சுஜாதா ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற பேசும் எந்திர நாயைக் கொடுத்துவிட்டுப் போனார். ஜீனோவைச் செய்து பாருங்கள் என்றால் நம்மவர் முகம் வாடிவிடும். எழுத்தில் இருக்கிற நாய்க்கு அளவு கிடையாது. படித்த ஒவ்வொருவர் தலையிலும் ஒரு ஜீனோ. எதோடு ஒத்துப்பார்ப்பது? துல்லியத்தையே பிடித்துக்கொண்டு நடந்தவருக்கு அது இல்லாத இடத்தில் கால் ஊன்றத் தெரியவில்லை. அறந்தாங்கிப் பக்கம் புரவியெடுப்புக்கு மண்குதிரை செய்கிற வேளாரிடம் ஒருநாள் உட்கார்ந்தால் இது சரியாகலாம். அவர் எந்தக் குதிரையையும் பார்த்துச் செய்வதில்லை, குதிரையும் குதிரையாகத்தான் வருகிறது. வெயிலிலும் மழையிலும் அது கரைந்துபோனால் அடுத்த எடுப்புக்கு இன்னொன்று. நம்மவரோ கவசத்தை பீரோவில் பூட்டி, உள்ளே அந்துருண்டை போட்டு வைத்திருக்கிறார்.

ஊரும் அவரைப் பயன்படுத்திப் பார்க்காமல் இல்லை. பள்ளிக்கூட மாறுவேடப் போட்டி வந்தால் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நிற்பார். “தம்பி, பயலுக்குக் கட்டபொம்மன் வேஷம். ஒரு வாள் மட்டும் செஞ்சு தாப்பா.” 1799-ல் கட்டபொம்மன் பிடிபட்டது இந்தத் தொண்டைமான் சீமையின் காட்டில்தான் என்பதால், இங்கே அந்த வேடத்துக்குக் கொஞ்சம் கூடுதல் தைரியம் வேண்டும், அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. அவருடைய சந்தேகம் வேறு. “எந்தக் கட்டபொம்மன் அக்கா? 1959 படத்துல வர்றவரா, கயத்தாறு சிலையா? ரெண்டுக்கும் வாள் வேற.” போட்டி வெள்ளிக்கிழமை. வியாழன் இரவு நம்மவர் மேஜையில் ஏழு வரைபடங்கள் தயாராக இருக்கும், வாள் இருக்காது. பையனின் அப்பத்தா பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, ஜிகினாத் தாள் சுற்றி, வாழைநாரால் கட்டிக் கொடுத்து அனுப்புவார். முதல் பரிசு அப்துல் கலாமுக்கு, இரண்டாவது கட்டபொம்மனுக்கு. அக்கா போனில் காட்டுகிற படத்தை நம்மவர் இரண்டு விரலால் பெரிதாக்கி, பையன் முகத்தைத் தாண்டி, கையைத் தாண்டி, வாளில் வந்து நிற்பார். “கைப்பிடி தலைகீழா இருக்கே அக்கா.”