வண்டி ஏற்றும் பலகை: ஒரு சாலையியல் ஆய்வு

வாசற்படியில் ஸ்கூட்டர் ஏற்றச் சாய்த்து வைக்கும் மரப்பலகையைப் பாலம் என்பாரும் உளர். பழைய பலகைதானே என்று காலால் தள்ளிவிடுவாரும் உளர். இரு சாராரும் பிழைபட்டனர். அது சாலை. அதுவும் நெடிய மரபில் வந்த சாலை என்பது நம் துணிபு.

சான்று வேண்டுவோர் இங்கிலாந்தின் சாமர்செட் சதுப்புக்குச் செல்க. 1970இல் அங்கே வேலை செய்துகொண்டிருந்த ரே ஸ்வீட் என்ற தொழிலாளியின் கண்ணில் ஒரு பலகை பட்டது. தோண்டிப் பார்த்தால் ஏறக்குறைய 2 கிலோமீட்டருக்குப் பாதை! மர வளையங்களை எண்ணி, கி.மு. 3807–3806 வாக்கில் வெட்டிய மரம் என்று முடிவுகட்டினார்கள். அகலம் ஒரே ஒரு பலகை. எதிரே ஆள் வந்தால் யார் ஒதுங்கினார்கள் என்பதற்குச் சான்றில்லை. நம் தெருவிலும் இல்லை.

மூலப்பொருளுக்கு வருவோம். வீடு கட்டியபோது மிஞ்சிய சென்ட்ரிங் பலகையே தலையாயது. சிமென்ட் காய்ந்த திட்டுகள் பிடிமானம் தரும். உடைந்த கட்டிலின் பலகை இடை. கழற்றிய கதவு கடை, தாழ்ப்பாள் துளையில் ஸ்டாண்டு மாட்டிக்கொள்ளும். மழைக்கு வழுக்காதிருக்கப் பழைய சைக்கிள் டயரைத் துண்டு போட்டு ஆணி அடிப்பர். டயர் தேயத் தேய ஆணி தலைதூக்கும். தெருமுனை பஞ்சர் கடைக்காரரின் பிழைப்பு இதனாலும் ஓடுகிறது. நடுவில் தொய்யாமலிருக்க அடியில் இரண்டு செங்கல். இரவானால் வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட வேண்டும். நெடுஞ்சாலைத் துறைக்கு இல்லாத கவலை இது.

இனிச் சாய்வு. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓர் அடி உயர 12 அடி ஓட வேண்டும் என்பது விதி. ஒன்றரை அடிப் படிக்கு அதன்படி பலகை போட்டால் 18 அடி வரும். எதிர்வீட்டுக் கோலத்தில் போய் முடியும். எனவே நம்மவர் நாலடிப் பலகையோடு நிறுத்திக்கொண்டு, பின்னால் இருப்பவரை இறக்கிவிட்டு, ஒரே முறுக்கில் ஏறுகிறார்கள். தயங்கினால் வண்டியின் அடிவயிறு படி விளிம்பில் தட்டும். அந்தச் சத்தத்துக்கு அடுக்களையிலிருந்து வரும் பின்னூட்டம் தனி ஆய்வுக்குரியது.

சிக்கல் என்னவென்றால், பலகை நிலையாக இருக்கச் சாலை உயர்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத்தார் போடுவதால், சென்னையின் பழைய தெருக்களில் படிகள் ஒவ்வொன்றாய்ப் புதைந்துவிட்டன. ஏறுபலகை சமபலகையாகி, பிறகு இறங்குபலகையும் ஆனது. சுரண்டிவிட்டே போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலர் இறையன்பு உத்தரவிட்டார். அதற்கு முன்பே புதைந்த வீடுகளில், ஐப்பசி அடைமழைக்கு அதே பலகையை வாசலில் குறுக்கே நிறுத்தி, மணல் மூட்டையால் முட்டுக் கொடுக்கிறார்கள். அந்நிலையில் அது சாலையன்று, அணை. மேற்கொண்டு நீர்வளத் துறையினர் ஆராய்க.