கண்ணாடியைக் கொஞ்சம் கீழை இறக்கு, மருமோனே

மருமோனே, கண்டாவளையிலை பிள்ளையளின்ரை உடுப்புக்கடை திறக்கப்போறாயாம் எண்டு கொம்மா வந்து சொன்னவ. நல்ல யோசினை. நெல்லை நம்பினவன் இரணைமடுவிலை எத்தினை அடி தண்ணி நிக்குது எண்டு பாத்துக்கொண்டிருக்கவேணும். தாய்மாரை நம்பினவனுக்கு அந்தக் கவலை இல்லை. கொமாமன் சங்கக்கடை மனேச்சராய் இருந்து துணி கிழிச்ச கை இது. அதாலை கொஞ்சம் இருந்து கேள்.

நான் வித்தது சிறிமாவின்ரை காலத்திலை. வெளிநாட்டுச் சாமான் வராது. சங்கக்கடைக்குச் சீத்தை வந்திட்டுதாம் எண்டு ஒருத்தி சொன்னால் காணும், விடியமுன்னம் வரிசை நிக்கும். வாறது ஒரே துணி, ஒரே பூ. தாய்க்கும் அதிலைதான் சட்டை, மகளுக்கும் அதிலைதான் சட்டை, மிஞ்சினது தலைகாணி உறை. பங்குனியிலை புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிலடிக்குப் போனால் ஊர்ப் பிள்ளையள் முழுக்க ஒரே பூவோடை ஓடித்திரியும். ஆற்றை பிள்ளை எண்டு முகத்தைப் பாத்துத்தான் பிடிக்கவேணும். விளம்பரம் எண்டு நான் செய்தது கதவைத் திறந்தது மட்டும்தான். 1977இலை ஜே.ஆர். வந்து இறக்குமதியைத் திறந்துவிட்டார், என்ரை ராச்சியமும் அதோடை சரி.

உனக்கு அந்தப் பவுசு கிடையாது. உன்ரை கடைக்கு எதிரிலை இன்னொருத்தன் திறப்பான். வீட்டுக்குள்ளை இருந்து ஒருத்தி பேஸ்புக் லைவிலை விப்பாள். அதாலை வெள்ளைக்காரனிட்டைப் படி. பேத்தி கம்பசிலை வியாபாரம் படிக்குது. அது புத்தகத்தை வைச்சிட்டு நித்திரை கொள்ள, நான் எடுத்துப் படிக்கிறனான்.

1886இலை பிரான்சிஸ் ஹொட்சன் பேர்னெற் எண்ட மனுசி ஒரு கதைப் புத்தகம் விட்டுது, சின்னப் பிரபு ஒருவனைப் பற்றி. அதிலை பெடியனுக்குக் கறுப்பு வெல்வெற் உடுப்பு, லேஸ் வைச்ச கழுத்துப்பட்டி, சுருள் தலைமயிர். அமெரிக்கத் தாய்மார் வாசிச்சிட்டுத் தங்கடை பெடியளையும் அப்பிடிப் பூட்டிவிட்டினம். பெடியள் தெருவிலை பகிடிக்கு ஆளாகி அழுதுதுகள். வித்தவனுக்கு என்ன நட்டம்? போடுறவன் அழலாம், வேண்டுறவ சிரிச்சால் காணும். பிறகு 1904இலை சென் லூயிஸ் கண்காட்சியிலை, பஸ்ரர் பிறவுண் எண்ட பத்திரிகைக் கேலிப்படப் பெடியனைக் கீறினவர் அவன்ரை பேரைக் கனக்கக் கொம்பனியளுக்கு வித்தார். அதை வேண்டின ஒரு சப்பாத்துக் கொம்பனி, உயரம் குறைஞ்ச நடிகர்மாருக்கு அவன்ரை வேசம் போட்டு, ஒரு நாயோடை ஊர் ஊராய் அனுப்பிச்சுது. எங்கடை பொட்டணி வியாபாரியும் ஊர் ஊராய்த்தான் வந்தவன். பாவம், அவனிட்டை நாய் இல்லை. ஊர் நாயள்தான் அவனைத் துரத்தினது.

நிறத்தைக் கவனி. 1918இலை ஏர்ன்ஷோ எண்டவரின்ரை உடுப்பு வியாபாரப் பத்திரிகை என்ன எழுதினது தெரியுமோ? ரோஸ் நிறம் உறுதியானதாம், அது பெடியளுக்கு. நீலம் மென்மையானதாம், அது பெட்டையளுக்கு. இப்ப நீ அதை மாறிச் சொல்லி விப்பாய். ஒருத்தரும் கேள்வி கேக்காயினம். எந்த நிறம் ஆருக்கெண்டதிலை காசு இல்லையடா. அண்ணன்ரை சேட்டைத் தங்கச்சிக்குப் போடேலாது எண்டு தாயை நம்பப்பண்ணுறதிலைதான் காசு. எங்கடை வீட்டிலை ஒரு களிசான் நாலு பேரிலை ஏறி இறங்கி, கடைசியிலை சைக்கிள் துடைக்கிற துணியானது. அப்பிடி ஒரு வீடு இருந்தால் உன்ரை கடையைப் பூட்டவேண்டியதுதான்.

வயசையும் துண்டு துண்டாய் வெட்டு. முந்தித் தையல்காரியிட்டைப் போனால், “வளருற பிள்ளை, மடிப்பை விட்டுத் தையுங்கோ” எண்டுதான் சொல்லுவினம். ஒவ்வொரு வருசமும் மடிப்பைப் பிரிச்சால் சட்டையும் பிள்ளையோடை வளரும். 1930களிலை அமெரிக்கக் கடைக்காரர் கைப்பிள்ளைக்கும் பெரிய பிள்ளைக்கும் நடுவிலை, தத்தி நடக்கிற பிள்ளைக்கெண்டு ஒரு புது அளவைப் புகுத்தினாங்கள். அந்த நேரம் பாத்து ஷேர்லி ரெம்பிள் எண்ட சின்னப் பெட்டை படத்திலை ஆட, அவளின்ரை பேரிலை சட்டை விக்கத் தொடங்கிச்சுது. கடையிலை கண்ணாடியையும் தட்டையும் பிள்ளையின்ரை உயரத்துக்கு இறக்கினதும் அந்தக் காலத்திலைதான். அதுவரைக்கும் தாய் பாத்தவ, பிள்ளை போட்டது. பிறகு பிள்ளை பாத்துக் கத்துது, தாய் காசு எடுக்கிறா. நீயும் இறக்கு. மூண்டு வயசின்ரை மூக்கு முட்டுற உயரம் காணும்.

இனித்தான் உன்ரை பெரிய முதல். 2009இலை மெனிக்பாம் முகாமிலை ஆரோ குடுத்த சட்டையை, அளவு பாக்காமல் போட்டுக்கொண்டு தண்ணிக்கு வரிசையிலை நிண்ட பெட்டையள் இருக்கினம் எல்லோ? அவையள்தான் இப்ப தாய்மார். கிளிநொச்சிக் காமென்றிலை பகல் முழுக்க வெளிநாட்டாருக்குத் தைச்சுப்போட்டு, சம்பளத்தண்டு பின்னேரம் பிள்ளையைக் கையிலை பிடிச்சுக்கொண்டு உன்ரை கடைக்கு வருவினம். எனக்குக் கிடைக்காதது இதுக்குக் கிடைக்கட்டும் எண்டு நினைக்கிறவ விலை கேக்கமாட்டா. அந்த இடத்தை மட்டும் தொடாதை எண்டு சொல்லத்தான் வாய் வருது. சொல்லி என்ன, நீ முதல் தொடுறது அதைத்தான். அவையின்ரை சம்பள நாளைக் கலண்டரிலை குறிச்சு வை.

எல்சா சட்டையும் கொஞ்சம் எடு. 2013இலை வந்த கார்ட்டூன் படத்திலை வாற பனி அரசிதான் எல்சா. அடுத்த வருசம் வட அமெரிக்காவிலை மட்டும் அப்பிடிச் சட்டை 30 இலட்சத்துக்கு மேலை போனதாம். பனி அரசியின்ரை நைலோன் சட்டையைச் சித்திரை வெயிலிலை தருமபுரம் சந்தைக்குப் போட்டுக்கொண்டு வந்த ஒரு பிள்ளையை நான் பாத்தனான். வேர்வை ஆறாய் ஓடுது, கழட்ட விடுதில்லை.

சட்டத்துக்குப் பயப்பிடாதை. உன்ரை மச்சாள் இருக்கிற மொன்றியலிலை, 13 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையளைக் குறிவைச்சு விளம்பரம் செய்யக்கூடாதெண்டு 1980இலை இருந்து சட்டம். ஒரு விளையாட்டுச் சாமான் கொம்பனி வழக்குப் போட்டு, 1989இலை கனடாவின்ரை உச்ச நீதிமன்றத்திலை தோத்தும் போச்சுது. ஆனால் கடையின்ரை முன்கண்ணாடிக்குள்ளை அடுக்கி வைக்கிறதுக்கு அங்கையும் விலக்கு இருக்கு. பாத்தியே, சட்டம் எழுதினவனுக்கும் ஆரோ கடைக்கார மருமோன் இருந்திருப்பான்.

பள்ளிக்கூட வெள்ளைத் துணியிலை மட்டும் கனவு காணாதை. 1993இலை இருந்து அது அரசாங்கம் சும்மா குடுக்கிறது; 2025க்கு முழுக்கச் சீனாவே குடுத்திட்டுது. சீனாவோடை நீ போட்டி போடேலாது.

கடைசியாய் ஒண்டு. வாசலுக்குக் கிட்ட, காத்தாடிக்குக் கீழை, சாய்ஞ்சு இருக்கிற மாதிரி ஒரு கதிரை போடு. தாயும் பிள்ளையும் உள்ளுக்கை நிக்கேக்கை, காசு வைச்சிருக்கிற கிழவன் வெளியிலை வெயிலிலை நிண்டால் “வாங்கோ போவம்” எண்டு அந்தரப்படுத்துவான். இருத்தி, ஒரு பேப்பரும் பிளேன்ரீயும் குடுத்தால் வாய் திறக்கமாட்டான். வேறை கிழவன் வராத நாளிலை அதிலை நான் இருக்கிறன். பிளேன்ரீக்குச் சீனி குறைவு. உடுப்பு ஒண்டும் வேண்டமாட்டன்.