தலைகீழாய் இருப்பதே நேர்

640×480 திரைக்கு 60 ஹெர்ட்ஸில் கிடை, செங்குத்து ஆகிய இரண்டு ஒத்திசைவுத் துடிப்பும் (sync) கீழ்நோக்கி. 800×600க்கு இரண்டும் மேல்நோக்கி. ஐபிஎம்மின் விஜிஏ 1987இல் வந்தபோது, வரிகள் 350ஆ, 400ஆ, 480ஆ என்று மானிட்டர் துடிப்பின் இந்த மேல்-கீழ்த் துருவத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டது. இவ்வளவு தொல்லை எதற்கு? திரைக்கு டிரைவர் மென்பொருள் எழுதும் நம் டிரைவர்காரர் மேலைக் கீழாக, கீழை மேலாக எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனார். திரையைச் செய்யும் பேனல்காரரும் பண்பாளர். சண்டை போடவில்லை, டேட்டாஷீட்டுக்கு நேர்மாறாகத் தானும் எழுதினார். படம் பளிச்!

பிறகு வந்தார் ஓர் இளைஞர். கையேட்டைப் படித்தார் (இந்தக் காலத்துப் பிள்ளைகளின் கெட்ட பழக்கம்). டிரைவரில் ஒரே ஒரு பிட்டைச் சரிசெய்தார். படம் ஓரமாய் ஒதுங்கிக்கொண்டது. திருத்தத்தை உடனே திரும்பப் பெற்றார்கள். கையேட்டைத் திருத்தக் குழு அமைத்தாயிற்று, தலைவர், டிரைவர்காரர்.