நாலு சக்கரமும் நம்ம பக்கம்

மணாலியில் பனி கொட்டுகிறதா? நமக்கென்ன, ஃபோர் வீல் டிரைவ்! 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கத்தைத் தாண்டினால் சாலையெங்கும் ஐஸ். டயருக்குச் சங்கிலியா? அது உள்ளூர்க்காரர்களின் கஞ்சத்தனம். சக்கரம் வழுக்கிச் சுழன்றால் டிராக்‌ஷன் கன்ட்ரோல் என்ஜினை அடக்கும், அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடிக்கும். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு கண்சிமிட்டி ஆசீர்வதிக்கும். டயர் தேய்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதெல்லாம் இவ்வளவு விலை கொடுத்தவருக்கு அழகில்லை. ஏற்றத்தில் சிங்கமாக ஏறினோம். பிரேக் என்னவோ எல்லா வண்டிக்கும் நாலு சக்கரத்தில்தான். அதையா பெருமையாகச் சொல்வது? இறக்கத்தில் ராஜகம்பீரமாகப் பக்கவாட்டில் சறுக்கி வந்தோம். சங்கிலி கட்டிய பழைய ஆல்டோ ஒன்று பதறி ஒதுங்கி வழிவிட்டது. பெரிய வண்டிக்கு என்றைக்கும் தனி மரியாதைதான்!