நாலு மணி ஞானம்

சென்னையிலிருந்து மதுரைக்குச் சுமார் 460 கிலோமீட்டர். அதில் கத்திப்பாராவிலிருந்து கூடுவாஞ்சேரி வரை தவம், மிச்சம்தான் பயணம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போக வீட்டில் மந்திராலோசனை நடந்தது. மாலையில் கிளம்பலாமென்றால் அலுவலகம் விடாது. இரவில் என்றால் ஆம்னி பஸ்கள் வழி விடா. ஆகவே, ஒருவருக்கும் தோன்றாத நேரமாக விடியற்காலை நாலு மணியைத் தேர்ந்தெடுத்தோம். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, சொன்ன நேரத்துக்குக் கிளம்பியும் விட்டோம்.

பெருங்களத்தூரில் வண்டி நின்றது. முன்னும் பின்னும் பார்த்தால், ஒருவருக்கும் தோன்றாத அந்த யோசனை தோன்றிய அத்தனை பேரும் குடும்பத்தோடு நின்றிருந்தார்கள். மதியத்துக்குக் கட்டிய புளியோதரை வண்டலூர் தாண்டுமுன் தீர்ந்தது.

சுங்கச்சாவடியில் வேகமாகப் போனது ஃபாஸ்டேக்கில் இருந்த பணம் மட்டும்தான்.