தேமாங்காய் காய்க்கும் தேயிலைத் தோட்டம்

மணிமுத்தாறு செக்போஸ்ட் தாண்டி மாஞ்சோலை பஸ் மலையேறத் தொடங்கியதும் பெரியப்பா வாயைத் திறந்தார். ரிட்டயர்டு தமிழ் வாத்தியார். வளைவு திரும்பினால் மற்றவர்களுக்கு வாந்தி வரும், இவருக்கு இலக்கணம் வரும்.

"மாவும் சோலையும் சேந்தா நடுவுல ‘ஞ்’ எங்கேருந்துலே வந்துது?"

"முந்தின ஸ்டாப்புல ஏறியிருக்கும் பெரியப்பா."

முறைத்தார். சில மரப்பெயருக்குப் பின் வல்லினம் வந்தால் அதன் இன மெல்லினம் முளைக்கும், மாங்காய் மாதிரி, விளங்காய் மாதிரி என்று நன்னூலை அவிழ்த்தார். அந்த ‘ஞ்’சோடு எனக்குப் பழைய பகை. என் கல்யாணப் பத்திரிகையில் பெண் வீட்டு ஊருக்கு இடம் போதாமல், அச்சுக்காரர் ‘மா’வை மேல் வரியிலும் ‘ஞ்சோலை’யைக் கீழ் வரியிலும் போட்டுவிட்டார். புள்ளி எழுத்தில் வரி தொடங்கலாமா என்று பெரியப்பா தாலி கட்டும்வரை என்னைக் குடைந்தார்.

"சரி, அசை பிரி."

மாஞ் - சோ - லை. நேர் நேர் நேர். வாய்பாடு? தேமாங்காய்! பெரியப்பாவுக்குப் புல்லரித்துவிட்டது. அடுத்த ஊர் காக்காச்சி, அதுவும் தேமாங்காய். ஊத்து, தேமா. நாலுமுக்கு, கூவிளங்காய். ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டியவரை தேயிலைதான். யாப்பில் மட்டும் மாவும் வில்வமும் காய்த்துத் தொங்குகின்றன. குதிரைவெட்டிக்கு அவர் விரல் மடக்கியபோது, "வேண்டாம், நாலசை, பஸ் தாங்காது" என்றேன்.

நாலசைக்கே இப்படியென்றால், டேனிஷ்காரர்களிடம் 51 எழுத்தில் ஒரே சொல் இருக்கிறதாம். சிறப்பு மருத்துவர் பணித் திட்டமிடலை நிலைப்படுத்தும் காலம் என்பது முழுவதும் இடைவெளியில்லாமல் ஒரே மூட்டை. ஒட்டுவதற்கு நடுவே இரண்டு இடத்தில் ‘ஸ்’ பசை. நமக்கு ‘க்’கும் ‘த்’தும் மாதிரி. இவ்வளவையும் விழுங்கும் ஆட்கள், 1620-இல் தரங்கம்பாடிக்கு வந்து 1845-இல் அதை இங்கிலீஷ்காரனுக்கு விற்றுவிட்டுப் போகும்வரை, அந்த ஒரு பெயரை முழுசாகச் சொல்லவில்லை. ‘ட்ரங்கேபார்’ என்று நறுக்கிவிட்டார்கள்.

நாமும் லேசுப்பட்டவர்களில்லை. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் தேயிலைக் கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்ட இந்தக் காடு எட்டாயிரத்துமுந்நூற்றெழுபத்துநான்கு ஏக்கர். 19 எழுத்து. ஒரே மூச்சில் சொல்லிப் பார்த்த பெரியப்பா தண்ணீர் பாட்டிலைக் கேட்டார்.

மாமனார் லைன் வீட்டு வாசலில் நின்றிருந்தார். பேச்சு எங்கெங்கோ சுற்றி, 2024-இல் கம்பெனி நீட்டி அவர் கையெழுத்துப் போட்ட தாளில் வந்து நின்றது. ‘விருப்ப ஓய்வு’ என்று தலைப்பு. பெரியப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"சேத்து எழுதினா ‘விருப்பவோய்வு’ன்னுல்லா வரணும், சம்மந்தி."

"அது ரெண்டும் சேராது சம்மந்தி," என்று மாமனார் டம்ளரை நீட்டினார். "கட்டஞ்சாயா குடிங்க."

அதிலிருந்த ‘ஞ்’ பெரியப்பாவின் காதில் விழுந்ததைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் குடித்தார்.